பழைய ஃபிலிம் கேமரா வாங்குகிறவர்களுக்கு: வளையம் "ஏ"யில் இருக்கிறதா என்று பாருங்கள்

ஒரு பழைய கேமராவை வாங்கி ஏமாந்ததில் ரூ.8,500 போய்விட்டது. எனக்கு விற்ற அதே ஆள், என்னை ஏமாற்றிய அதே வீடியோவைப் போட்டு இன்று காலை இன்னொரு கேமராவை விற்றுக்கொண்டிருக்கிறான். வாங்க நினைக்கிறவர் யார் கண்ணிலாவது படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கேமரா ஒலிம்பஸ் டிரிப் 35. 1967 முதல் 1984 வரை வந்த ஜப்பான்காரர்களின் சின்னக் கேமரா. பேட்டரியே கிடையாது. லென்ஸைச் சுற்றித் தேன்கூடு போலத் தெரிகிற கண்ணாடி வளையத்துக்குப் பின்னால் செலினியம் செல் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அதுவே மின்சாரம் தந்து வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் முள்ளை நகர்த்தும். லென்ஸில் திருப்புகிற எண் வளையத்தை "ஏ"யில், அதாவது ஆட்டோவில், வைத்துவிட்டால் போதும். லென்ஸ் எவ்வளவு திறக்க வேண்டும், ஷட்டர் வேகம் 1/40ஆ 1/200ஆ என்பதைக் கேமராவே பார்த்துக்கொள்ளும். வெளிச்சம் போதாவிட்டால், கண் வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டரில் சிவப்புக் கொடி எழும்பும், ஷட்டர் விழாது, ஃபிலிமும் வீணாகாது. இந்தக் கெட்டிக்காரத்தனத்துக்காகத்தான் ஆசைப்பட்டேன்.

பழைய பொருள்கள் விற்கிற ஒரு செயலியில் அவனைப் பிடித்தேன். அண்ணா என்றுதான் பேசினேன். "சர்வீஸ் செய்து வைத்திருக்கிறேன் தம்பி. படம் எடுக்காதபோது லென்ஸ் மூடியைப் போட்டே வையுங்கள், செல் நீண்ட நாள் உழைக்கும்" என்றான். இப்படிச் சொல்கிறவரை விஷயம் தெரிந்தவர் என்று நம்பாமல் வேறென்ன செய்வது? வீடியோவில் கிளிக் கிளிக் என்று ஷட்டர் விழுந்தது. ரூ.8,500ஐ அப்போதே அனுப்பிவிட்டேன்.

பார்சல் வந்தது. மொட்டை மாடியில், உச்சி வெயிலில் அழுத்தினேன். சிவப்புக் கொடி. வானத்தைப் பார்த்துப் பிடித்தாலும் சிவப்புக் கொடி. செல் செத்துப்போயிருக்கிறது. பின்மூடியைத் திறந்தால், ஒளி புகாமல் இருக்க ஒட்டிய ஸ்பாஞ்சு கறுப்புப் பிசினாக உருகி விரலில் ஒட்டுகிறது. இதுதான் சர்வீஸ் செய்த லட்சணம்!

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வளையம் "ஏ"யில் இல்லை, 2.8இல் இருக்கிறது. அது ஃபிளாஷுக்கான இடம். அங்கே வைத்தால் செல் செத்த கேமராவிலும் ஷட்டர் விழும். அவன் கட்டை விரல் அந்த எண்ணைப் பாதி மறைத்துக்கொண்டிருக்கிறது.

கேட்டதற்கு முதலில் வந்த பதில்: "பேட்டரி தீர்ந்திருக்கும் தம்பி, மாற்றிப் பாருங்கள்." பேட்டரியே இல்லாத கேமராவுக்கு! செல்லைப் பற்றி எனக்குப் பாடம் நடத்திய அதே வாய். அடுத்து, "பழைய பொருள் என்றால் அப்படித்தான் இருக்கும்." பிறகு, "ஊரில் இல்லை, வந்து பேசுகிறேன்." பிறகு பதிலே இல்லை. செயலிக்காரர்களோ, பொருள் கைக்கு வந்து சேர்ந்துவிட்டதால் புகாரை முடித்துவிட்டதாக ஒரு வரி அனுப்பினார்கள். ரூ.8,500க்கு ஒரு வரி.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவற்றை விரிவாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன், கோபத்தில் கை ஓடவில்லை. "ஏ"யில் வைத்து எடுத்த வீடியோ கேளுங்கள். லென்ஸை உள்ளங்கையால் மூடி அழுத்தினால் கொடி எழ வேண்டும், வெளிச்சத்தில் அழுத்தினால் ஷட்டர் விழ வேண்டும். இரண்டையும் காட்டாதவனிடம் வாங்காதீர்கள். பின்மூடியைத் திறந்து படம் அனுப்பச் சொல்லுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். பேசியதையெல்லாம் அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். "சர்வீஸ் செய்தது" என்று எனக்கு அனுப்பிய செய்தியை அவன் அழித்துவிட்டான்.