மைன்கிராஃப்ட்டும் மேட்ச் ஆட்டங்களும்: எங்கள் வீட்டில் பார்த்தவை

“பிள்ளைகளை ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கேம் ஆட விடலாம்?” பள்ளி வாசலில் சந்திக்கும் பெற்றோர் பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறார்கள். 2020 ஊரடங்கில் ஆன்லைன் வகுப்புக்காக எங்கள் வீட்டுக்குத் தனியாக ஒரு போன் வந்தது. அன்றிலிருந்து மகனும் மகளும் ஆடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்து வருகிறேன். மணிக்கணக்குக்கு முன்னால் கேட்க வேண்டியது, எந்த ஆட்டம் என்பதைத்தான். ஓர் ஆட்டத்தை ஒரு மணி நேரம் ஆடிவிட்டுச் சிரித்த முகத்தோடு சாப்பிட வருகிற அதே பிள்ளை, இன்னோர் ஆட்டத்தில் அரை மணி நேரத்துக்குள் எரிந்து விழுகிறான்.

எங்கள் வீட்டில் அதிக காலம் நிலைத்தது மைன்கிராஃப்ட். ஸ்வீடனின் மோஜாங் நிறுவனம் 2011-இல் முழுமையாக வெளியிட்ட ஆட்டம். 2014-இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. கனசதுரக் கட்டிகளால் ஆன உலகம் அது. மரம் வெட்டலாம், பாறை உடைக்கலாம், வீடு, கோட்டை, பாலம் என்று மனத்தில் தோன்றியதையெல்லாம் கட்டலாம். ஜெயித்தே தீர வேண்டும் என்ற நெருக்கடி இல்லை. எந்த நொடியிலும் சேமித்துவிட்டு எழுந்து வரலாம். இந்தக் கடைசி வசதியின் அருமை, மற்ற ஆட்டங்களைப் பார்த்த பிறகுதான் விளங்கும்.

பள்ளியில் முழுக்கள் பாடம் வருவதற்கு முன்பே மகனுக்குக் குறை எண்கள் பழகிவிட்டன. ஆட்டத்தில் உயரத்தையும் ஆழத்தையும் எண்ணால்தான் குறிப்பார்கள்; வைரம் வேண்டுமானால் மைனஸ் 59 மட்டத்தையொட்டித் தோண்ட வேண்டும், மைனஸ் 64-இல் அடித்தளம் வந்துவிடும் என்பது அவனுக்கு மனப்பாடம். ஆகவே மைனஸ் 59-ஐவிட மைனஸ் 64 சிறிய எண் என்று யாரும் எண்கோடு போட்டு விளக்க வேண்டியிருக்கவில்லை. நெதர் என்று ஒரு பாதாள உலகம் உண்டு. அங்கே ஒரு கட்டி தூரம் நடந்தால் மேலுலகில் எட்டுக் கட்டி நடந்த கணக்கு. தங்கை கட்டிய ஊருக்குக் குறுக்குவழி அமைக்க, அவன் எண்களை எட்டால் வகுத்து நோட்டில் குறித்துவைத்திருந்த பக்கங்கள் இன்னும் இருக்கின்றன.

ரெட்ஸ்டோன் என்பது அந்த ஆட்டத்தின் மின்சாரம். அதன் சமிக்ஞை பதினைந்து கட்டிகள் வரைதான் ஓடும். அதற்கு மேல் வேண்டுமானால் இடையில் ரிப்பீட்டர் வைக்க வேண்டும். இரண்டு நெம்புகோல்களையும் இழுத்தால் மட்டுமே திறக்கும் கதவு ஒன்றை அண்ணனும் தங்கையும் சேர்ந்து செய்தார்கள். நான் கல்லூரியில் படித்த அண்ட் கேட் என்ற மின்சுற்றின் வேலையை அந்தக் கதவு செய்தது. எத்தனையோ முறை தவறிப்போய், கலைத்துவிட்டு, மறுபடி அமைத்தார்கள். வீட்டுப் பாடத்தில் ஒரு கணக்கு தவறினாலே பென்சிலை வீசுகிற மகள், அங்கே பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். இதனால் மதிப்பெண் கூடியதா என்றால் இல்லை. கேம் ஆடினால் மூளை வளரும், வகுப்பில் முதல் இடம் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சேர்ந்து ஒன்றைச் செய்வதும் தவறைத் தேடித் திருத்துவதும் எங்கள் வீட்டில் வளர்ந்தன. எனக்கு அது பெரிய லாபம்.

மேட்ச் ஆட்டங்கள் வேறு ரகம். நூறு பேர் இறங்கி, கடைசிவரை உயிரோடு இருப்பவர் ஜெயிக்கும் துப்பாக்கிச் சண்டை ஆட்டங்களைச் சொல்கிறேன். பப்ஜி மொபைலை 2020 செப்டம்பரில் இந்திய அரசு தடை செய்தது. 2021-இல் அது பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது, 2022-இல் ஆப் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது, 2023-இல் திரும்பவும் வந்துவிட்டது. தடையை நம்பிப் பெற்றோர் சும்மா இருந்துவிட முடியாது.

இவற்றில் ஒரு மேட்ச் அரை மணி நேரம்கூட நீளும். நடுவில் எழுந்தால் கூட ஆடும் நண்பர்கள் தோற்பார்கள். மறுநாள் வகுப்பில் அந்தப் பேச்சைக் கேட்க வேண்டும். தெருவில் கிரிக்கெட் ஆடும் பையனைக் கடைசி ஓவரில் கூப்பிட்டால் வருவானா? அதே நிலைமைதான். “உடனே வை” என்ற அதட்டலில் தொடங்கிய சண்டைகள் எங்கள் வீட்டில் ஏராளம். மணிக் கணக்கை விட்டுவிட்டு, “இன்று இரண்டு மேட்ச்” என்று முன்கூட்டியே பேசி வைக்கத் தொடங்கியதும் பாதிச் சண்டை நின்றது. இரவில் ஆடினால் படுத்த பிறகும் தூக்கம் வராமல் புரள்கிறான் என்பதால், வார நாட்களில் இந்த ஆட்டங்கள் அறவே கிடையாது.

அதிரடி ஆட்டங்கள் பார்வைக் கவனத்தைக் கூர்மையாக்குகின்றன என்று ஷான் கிரீன், டாஃப்னே பாவெலியர் ஆகியோரின் ஆய்வு 2003-இல் நேச்சர் இதழில் வந்தது. அது வயதுவந்த இளைஞர்களிடம் நடந்த ஆய்வு. பத்து வயதுப் பிள்ளையின் கையில் போனைக் கொடுக்க அதை நான் காரணமாகக் கொள்ள மாட்டேன்.

எனக்கு மிகுந்த கோபம் தருவது பணம் பிடுங்கும் ஏற்பாடு. ஆட்டம் இலவசம், உள்ளே டயமண்ட் (ஆட்டத்துக்குள் செல்லும் காசு), ஸ்கின் (பாத்திரத்துக்கான உடை, தோற்றம்) என்று கடை விரித்திருக்கும். என் அக்கா மகன் தாத்தாவின் போனில் யுபிஐ பின்னைப் பார்த்து வைத்துக்கொண்டு, நூறு இருநூறாக டாப்-அப் செய்துகொண்டே போனான். ஓய்வூதியக் கணக்கில் பணம் குறைந்தபோதுதான் பெரியவருக்குத் தெரிந்தது. போன பணம் திரும்ப வரவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாமலே விற்கும் லூட் பாக்ஸைச் சூதாட்டம் என்று பெல்ஜியம் 2018-லேயே அறிவித்தது. நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டமோ பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களைக் குறிவைத்தது, இப்படி உள்ளே பொருள் விற்பதை அல்ல. எனவே பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். பிள்ளை கையில் இருக்கும் போனில் யுபிஐ செயலியே வேண்டாம்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. பிள்ளைகள் தாங்கள் ஆடும் நேரத்தைவிட, மற்றவர் ஆடுவதை யூடியூபில் பார்க்கும் நேரம் அதிகம். ஆடும்போதாவது கையும் மூளையும் வேலை செய்கின்றன. நேரலையில் பேசுகிறவர்களின் நாக்குக்கோ கட்டுப்பாடே இல்லை. 2021-இல் பப்ஜி நேரலைகளில் ஆபாசமாகப் பேசியதாக யூடியூபர் ஒருவர் தமிழ்நாட்டில் கைதான செய்தி நினைவிருக்கும். அவருடைய ரசிகர்களில் பலர் சிறுவர்கள். எங்கள் வீட்டில் ஹெட்போன் கிடையாது. ஆட்டமானாலும் வீடியோவானாலும் சத்தம் கூடத்தில் கேட்க வேண்டும். கண்ணுக்காகவும் கழுத்துக்காகவும் போனைக் குறைத்து, டிவியில் இணைத்துத் தள்ளி உட்கார்ந்து ஆட வைத்திருக்கிறோம்.

“இவனுக்கு அடிமைத்தனம் வந்துவிட்டதா?” என்று பயந்து கேட்பவர்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறைச் சேர்த்திருக்கிறது. அந்தக் கோளாறு என்று சொல்ல, ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே முதன்மையாவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது ஆகியவை சேர்ந்து வாழ்க்கையைப் பாதிக்க வேண்டும். பொதுவாகப் பன்னிரண்டு மாதமாவது நீடிக்க வேண்டும். ஒரு விடுமுறை முழுவதும் ஆடினான் என்பதற்காக நோயாளி என்று முத்திரை குத்த வேண்டாம். ஆனால் நண்பர்களையும் விளையாட்டு மைதானத்தையும் சாப்பாட்டையும் ஒவ்வொன்றாகக் கைவிட்டால், மாதக்கணக்கில் காத்திருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

மகன் இப்போது கணினி கேட்கிறான். மைன்கிராஃப்ட்டின் ஜாவா பதிப்பில் மற்றவர்கள் எழுதிய மோடுகளை, அதாவது ஆட்டத்தை மாற்றும் சிறு நிரல்களை, சேர்க்கலாமாம். தானே ஒன்று எழுதிப் பார்க்க வேண்டுமாம். வாங்குவதாக இருக்கிறோம். பழைய மேசை போதும், கூடத்திலேயே வைத்துக்கொள்ளலாம். துப்பாக்கி ஆட்டங்கள் அதில் ஏறக்கூடாது என்று இப்போதே பேசியாகிவிட்டது. சனிக்கிழமை மட்டும் அனுமதி கேட்டு அவன் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறான்.