மஞ்சள் அட்டை: பத்து வயதுக்கு மேல் அருமை, அதற்குக் கீழே அவதி

தொழுநோய்க் கூட்டு மருந்து நான்கு நிற அட்டைகளில் வருகிறது. பெரியவர்களுக்குச் சிவப்பும் பச்சையும், பிள்ளைகளுக்கு மஞ்சளும் நீலமும். மஞ்சளில் ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபசிமின் என்று மூன்று மருந்து; நீலத்தில் குளோஃபசிமின் இல்லை. தேமல் ஐந்துக்குள் இருந்தாலும் மூன்று மருந்தும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்த பிறகு, மஞ்சள் அட்டைதான் முக்கியம். 2000-ஆம் ஆண்டிலிருந்து நோவார்ட்டிஸ் மருந்து நிறுவனம் நன்கொடையாகத் தருவதால் இதற்குக் காசு கிடையாது.

ஓர் அட்டை 28 நாளுக்கு. முதல் நாள் வேளையைச் சுகாதார ஊழியர் கண்முன்னே விழுங்க வேண்டும்: ரிஃபாம்பிசின் 450 மி.கி. (300-இல் ஒன்று, 150-இல் ஒன்று), குளோஃபசிமின் 50 மி.கி. மூன்று, டாப்சோன் 50 மி.கி. ஒன்று. மறுநாளிலிருந்து டாப்சோன் தினமும், குளோஃபசிமின் ஒருநாள் விட்டு ஒருநாள். எந்த நாளுக்கு எது என்று அட்டையே காட்டுவதால், எழுதப் படிக்கத் தெரியாத வீட்டிலும் குழப்பம் வராது. இந்த வடிவமைப்புக்கு முழு மதிப்பெண் தரலாம். தேமல் ஐந்தைத் தாண்டினால் 12 அட்டையை 18 மாதத்துக்குள்ளும், ஐந்துக்குள் என்றால் 6 அட்டையை 9 மாதத்துக்குள்ளும் முடிக்க வேண்டும்.

பாதியில் நிறுத்தவைப்பது பெரும்பாலும் நிறம்தான். ரிஃபாம்பிசின் சாப்பிட்ட அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும். அது ரத்தம் இல்லை. குளோஃபசிமினால் தோல் கறுக்கும். பெண்பிள்ளை என்றால் வீடே கலங்கிப்போகும். மருந்து முடிந்து சில மாதங்களில் நிறம் திரும்பிவிடும் என்பதை முதல் அட்டையைக் கொடுக்கும்போதே சொல்லியாக வேண்டும். உண்மையில் பயப்பட வேண்டியது டாப்சோனுக்கு: முதல் சில வாரங்களில் காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடிப்பு வந்தால் டாப்சோனை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆனால் தேமல் சிவந்து வீங்கினாலோ, நரம்பு வலித்தாலோ, கைகால் வலு குறைந்தாலோ அது நோயின் எதிர்வினை. அதற்கு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து தேவைப்படும். அட்டையை நிறுத்தக் கூடாது. தாமதித்தால் விரல் மடங்கிவிடும்.

சிக்கல் பத்து வயதுக்குக் கீழே, அல்லது 40 கிலோவுக்குக் குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு. அவர்களுக்கென்று அட்டையே இல்லை. ரிஃபாம்பிசின் கிலோவுக்கு 10 மி.கி., டாப்சோன் கிலோவுக்கு 2 மி.கி., குளோஃபசிமின் மாதம் ஒருமுறை 100 மி.கி., பிறகு வாரம் இருமுறை 50 மி.கி. என்று தனித்தனியே தர வேண்டும். தனி மருந்து கையில் இல்லாதபோது மஞ்சள் அட்டையைப் பிரிக்கிறார்கள். டாப்சோன் மாத்திரையை உடைத்தால் நொறுங்குகிறது. குளோஃபசிமின் மென்கூட்டு மாத்திரை, அதை வெட்டவே முடியாது. மிகுதியை அப்படியே விட்டால் அம்மா அட்டையில் உள்ளபடி கொடுத்துவிடுவார். ஆகவே கூடுதல் மாத்திரைகளை ஊழியரே எடுத்துவிட்டு, குளோஃபசிமினுக்குத் திங்கள், வியாழன் என்று கிழமை குறித்துத் தர வேண்டும். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் சின்னக் குழந்தைக்கு ஓர் அட்டை வராதது பெரிய குறை.

2023-இல் உலகம் முழுக்கப் பதிவான புதிய நோயாளிகள் 1,82,815. அதில் 10,322 பேர் பிள்ளைகள். நோய் வெளிப்படச் சராசரியாக ஐந்து ஆண்டாகும். அப்படியிருக்க, ஒரு சிறுபிள்ளைக்குத் தேமல் என்றால் சிகிச்சை பெறாத ஒருவர் வீட்டிலோ பக்கத்திலோ இருக்கிறார் என்று பொருள். அட்டை அந்தப் பிள்ளையை மட்டும்தான் குணமாக்கும். வீட்டார் எல்லோரையும் சோதித்து, தொழுநோயோ காசநோயோ இல்லாதவர்களுக்கு, நோய் வராமல் தடுக்க, ஒற்றை வேளை ரிஃபாம்பிசின் தர வேண்டும்: 15 வயதிலிருந்து 600 மி.கி., 10 முதல் 14 வரை 450, 6 முதல் 9 வரை 300. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குக் கிடையாது. அதன் உடம்பை ஆண்டுக்கொரு முறையாவது பகல் வெளிச்சத்தில், துணி விலக்கி, முதுகும் புட்டமும் உட்படப் பார்த்துவர வேண்டும்.