அண்மை, சேய்மை: 11 ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

மட்டக்களப்பில் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) பணிபுரியும் நான், நோயாளர் வீட்டுக்கு எடுத்துச்செல்லும் பயிற்சித் தாள்களில், உடலின் நிலையையும் திசையையும் குறிக்கும் தமிழ்க் கலைச்சொற்களை 11 ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அவற்றுள் எனக்கு மிகவும் உதவியவை அண்மை, சேய்மை என்னும் இரண்டுமாகும். கை கால்களில் உடம்போடு பொருந்தும் இடத்துக்குக் கிட்டியது அண்மை, விலகியது சேய்மை. ஆகவே மணிக்கட்டோடு ஒப்பிட்டால் முழங்கை அண்மையானது, தோளோடு ஒப்பிட்டால் சேய்மையானது.

இவற்றின் அருமையை ஒரு தவறின் மூலமே உணர்ந்தேன். பணியில் சேர்ந்த புதிதில், பாரிசவாதத்தால் கை வீங்கிய ஒரு முதியவருக்கு, கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்து மேல்நோக்கித் தடவுமாறு எழுதிக் கொடுத்தேன். விரல்களிலிருந்து முழங்கையை நோக்கித் தடவினால்தான் தேங்கிய நீர் வடியும். ஆனால் உயர்த்திய கையில் விரல்களே மேலே இருந்தமையால், அவருடைய மனைவி ஒரு கிழமையாக விரல் நுனியை நோக்கியே தடவியிருந்தார். "மேல எண்டுதானே மனே எழுதிக் கிடக்கு" என்று அவர் தாளைக் காட்டியபோது, பிழை என்னுடையதே என்பது விளங்கியது. இப்போது "சேய்மையிலிருந்து அண்மைக்கு" என்று எழுதி, அதன் கீழே "விரலிலிருந்து தோளுக்கு" என்றும் சேர்க்கிறேன்.

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் நாம் சொல்லும்போது, சொல்பவர் எங்கே நிற்கிறார் என்பது பொருட்டல்ல. உடற்கூற்றியல் சொற்களும் அத்தகையவையே. நோயாளர் படுத்திருந்தாலும் குப்புறக் கிடந்தாலும், நிமிர்ந்து நின்று முகத்தையும் உள்ளங்கைகளையும் முன்னோக்கி வைத்திருக்கும் ஓர் உடலை மனத்தில் கொண்டே அவை வழங்குகின்றன. வலமும் இடமும் நோயாளருடையவை. முன்புறம், பின்புறம், மேலோட்டம், ஆழம் ஆகியவற்றில் எனக்கு ஒருபோதும் இடர் நேர்ந்ததில்லை.

முன்னங்கைதான் சிக்கலானது. உள்ளங்கை முன்னோக்கும் நிலையில் பெருவிரல் வெளிப்புறம் அமையும். இயல்பாகக் கையைத் தொங்கவிட்டாலோ அது முன்னால் வந்துவிடும். ஆதலால் வெளிப்புறம், உட்புறம் என்பவற்றைத் தவிர்த்து, முன்னங்கையின் இரண்டு என்புகளுள் ஆரை என்பு இருக்கும் பக்கத்தைப் பெருவிரல் பக்கம் என்றும், அரந்தி என்பு இருக்கும் பக்கத்தைச் சின்னவிரல் பக்கம் என்றும் எழுதுகிறேன்.

எனக்கு இன்னும் நிறைவு தராதது, உடலின் நடுக்கோட்டை நோக்கிய பக்கத்துக்கான சொல். முழங்காலின் உட்புறம் என்று எழுதினால், படுவான்கரையிலிருந்து வரும் வயற்காரர் பலர் அதை மூட்டுக்கு உள்ளே என்றே கொள்கின்றனர். அதனால் "மற்றக் காலைப் பார்த்த பக்கம்" என்று எழுதி, அவர்களுடைய முழங்காலில் பேனையால் ஒரு புள்ளியும் வைத்து அனுப்புகிறேன்.