பெயரில்லாத ஆண்ட்ராய்டு பாக்ஸ்: லாட்ஜ் டிவிக்கு வாங்கலாமா?

புதுச்சேரியில் லாட்ஜ், விருந்தினர் இல்லம் நடத்துபவர்கள் அறை டிவிக்கென்று மொத்தமாக வாங்குகிறார்களே, அந்த பிராண்ட் இல்லாத ஆண்ட்ராய்டு பாக்ஸ்தான் இது. யூடியூப் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. ரிமோட் படு மட்டம். வைட்வைன் என்ற வீடியோ நகல் காப்பு முறையின் கடைசிப் படியான எல்3 மட்டுமே இருப்பதால் நெட்ஃப்ளிக்ஸ் எச்டியில் வராது.

அட்டையில் ஆண்ட்ராய்டு 13 என்று அச்சடித்திருக்கிறார்கள். கணினியிலிருந்து பெட்டிக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி கருவியில் எஸ்டிகே எண்ணை (ஒவ்வொரு ஆண்ட்ராய்டு பதிப்புக்கும் உரிய எண்) கேட்டால் 29 வருகிறது. அது ஆண்ட்ராய்டு 10. உண்மையில் 13 என்றால் 33 வர வேண்டும். இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னல் 4.9. அந்த வரிசையின் பராமரிப்பு 2023 ஜனவரியோடு நின்றுவிட்டது. செட்டிங்ஸில் சட்டத் தகவல், அதற்குள் ஓப்பன் சோர்ஸ் உரிமங்கள் என்று போய்ப் பார்த்தால் வெறும் வெள்ளைப் பக்கம். உள்ளே மடித்து வைத்த தாளிலும் வைஃபை இணைப்பதைத் தவிர ஒரு வரி இல்லை.

உரிமப் பக்கம் காலியாக இருப்பது சில்லறைக் குறை அல்ல. லினக்ஸ் கெர்னலின் உரிமமான ஜிபிஎல் 2 (1991), காசுக்கு விற்பதைத் தாராளமாக அனுமதிக்கிறது. பதிலுக்கு, மூல நிரலை (நிரலாளர் எழுதிய வரிகளை) கூடவே தர வேண்டும். அல்லது யார் கேட்டாலும் அனுப்பும் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு தருவதாக, குறைந்தது 3 ஆண்டு செல்லும்படி எழுதித் தர வேண்டும். அதை ஓடும் மென்பொருளாக மாற்றி (கம்பைல்) நிறுவும் ஸ்கிரிப்ட்களும் அதில் அடக்கம். இந்தப் பெட்டியில் இரண்டும் இல்லை. நாளைக்கு வைஃபை டிரைவரில் ஓட்டை தெரிந்தால் வெளியாள் யாரும் அடைக்க முடியாது.

அறையில் வைத்து ஓட்டும் லாட்ஜ்காரருக்கு ஜிபிஎல் சிக்கல் கிடையாது, பயன்படுத்துவது விநியோகம் ஆகாது. மாட்டிக்கொள்வது நடுவில் நிற்பவர். மொத்தமாக இறக்கி, பூட் லோகோவை மாற்றி, தன் லாஞ்சரை (முகப்புத் திரைச் செயலியை) ஏற்றி விற்றால் மூல நிரல் தரும் பொறுப்பு அவர் தலையிலும் விழுகிறது. 'தயாரிப்பாளர் தரவில்லை' என்ற சமாதானம் செல்லாது. மீறினால் உரிமம் ரத்து என்கிறது 4-ஆம் பிரிவு.

ஏற்கெனவே வாங்கியவர்கள் அட்டையில் உள்ள இறக்குமதியாளர் முகவரிக்கு மூல நிரல் கேட்டு எழுதுங்கள். 2011 பொட்டலப் பொருள் விதிகளின்படி அது அச்சிடப்பட்டிருக்க வேண்டும். மாடல், பில்ட் எண் (மென்பொருள் பதிப்பு எண்), பில் நகல் மூன்றையும் இணையுங்கள். பொத்தாம்பொதுவாகக் கேட்டால் கெர்னல் தளத்தின் சுட்டியை அனுப்பிக் கைகழுவிவிடுவார்கள். அந்த பில்டுக்கே உரிய கான்ஃபிக் கோப்பு (கெர்னல் அமைப்புகள்), டிவைஸ் ட்ரீ (வன்பொருள் விவரப் பட்டியல்), டிரைவர் மாற்றங்கள், யூ-பூட் (பெட்டியைத் தொடக்கும் நிரல்) என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

புதிதாக வாங்குவதானால் விலை கூடினாலும் ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினியில் லிப்ரெலெக் (கோடி மீடியா பிளேயரை ஓட்டும் லினக்ஸ்) போடுவதே மேல். பூட் ஃபர்ம்வேர் மூடியது என்றாலும் கெர்னலும் பில்ட் ஸ்கிரிப்ட்களும் கிட்ஹப்பில் திறந்தே கிடக்கின்றன. கேபிளைப் பவர் துளைக்கு அருகிலுள்ள மைக்ரோ எச்டிஎம்ஐயில் செருகுங்கள். 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் கட்டாயம். பழைய மொபைல் சார்ஜர் போட்டால் மின்னழுத்தம் இறங்கி, திரையில் மின்னல் குறி வரும்.