செடி ரூமுக்குப் பூச்சி மருந்து அடிக்க ஆள் கூப்பிடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

வீட்டில் மைக்ரோகிரீன்ஸ் (முளைத்த சில நாளிலேயே வெட்டிச் சாப்பிடும் குட்டிக் கீரை) போடுகிறவர்கள், ஏசி ரூமில் லைட் கட்டிச் செடி வைத்திருக்கிறவர்கள் கவனத்துக்கு. இது கோயம்புத்தூரில் எனக்கு நடந்தது. புகார் ஓடிக்கொண்டிருப்பதால் கம்பெனி பெயரைப் போடவில்லை.

முள்ளங்கி, கடுகு, சூரியகாந்தி மூன்றையும் ரேக்கில் ட்ரே ட்ரேயாக வளர்த்து ஹோட்டல்களுக்குக் கொடுக்கிறேன். இதுதான் என் பிழைப்பு. மழைக்காலத்தில், ட்ரேயில் மண்ணுக்குப் பதிலாகப் போடும் தேங்காய் நார்த்தூள் காயவே இல்லை. கொசுவைவிடச் சின்னதாக ஒரு கறுப்புப் பூச்சி வந்து சேர்ந்தது. ட்ரேயைத் தட்டினால் புகை மாதிரிக் கிளம்பும். ஃபங்கஸ் நேட் என்பார்கள். பறக்கிற பூச்சியால் பெரிய தொல்லை இல்லை, நார்த்தூளுக்குள் இருக்கும் அதன் புழுதான் வேரைக் கடிக்கும்.

"பச்சையாகச் சாப்பிடுகிற கீரை, செடியில் மருந்து படவே கூடாது" என்று மருந்து அடிக்கும் கம்பெனிக்குப் போன் செய்தபோதே சொல்லிவிட்டேன். "ஃபுல்லா ஹெர்பல் மேடம், கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கே அடிக்கிறோம்" என்றார் மேனேஜர். அட்வான்ஸ் 3000 ரூபாய். டீப் கிளீனிங் இலவசம் என்றும் சொன்னார். அந்த இலவசம்தான் வினையாகப் போனது.

வந்த இரண்டு பையன்களிடமும் மாஸ்க் இல்லை, கிளவுஸ் இல்லை. லேபிள் கிழித்த வெள்ளை கேன். தண்ணீரில் ஊற்றியதும் பால் போல ஆகி, மண்ணெண்ணெய் வாடை தூக்கியது. என்ன மருந்து தம்பி என்று கேட்டு முடிப்பதற்குள் ஒருவன் மேல் ரேக்கில் அடித்துவிட்டான். "ஹெர்பலுக்கு எதுக்கு மேடம் லேபிள்?"

எதுக்கா? வேம்பிலிருந்து எடுக்கும் அசாடிராக்டின் மருந்துக்கே 1968 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு எண் வேண்டும். லேபிளில் ஒரு சதுரம் இருக்கும்: சிவப்பு என்றால் கடும் விஷம், அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை. அடிக்க வருகிற நிறுவனத்துக்கும் தனி லைசென்ஸ் உண்டு. மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ. (மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம்) மாதிரி இடங்களில் பயிற்சி முடித்த பட்டதாரி ஒருவர் பொறுப்பில் இருந்தால்தான் அதைக் கொடுப்பார்கள். இவர்களிடம் கேட்டபோது வாட்ஸ்அப்பில் வந்தது ஜிஎஸ்டி சர்டிஃபிகேட்!

அடுத்தது தரை. ரேக்குக்கு அடியில் பச்சைப் பாசி. ஒருவன் பாத்ரூம் ஆசிட்டை ஊற்றித் தேய்த்தான். அது காய்வதற்குள் இன்னொருவன் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவினான். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. ஜன்னல் சாத்திய ஏசி ரூம். கண் எரிந்து, தொண்டை அடைத்து, தூவின பையனுக்கு இருமல் நிற்கவில்லை. அவனை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்க் காற்றில் உட்கார வைத்துவிட்டு, மேனேஜருக்குப் போன் செய்தால், "ஜன்னலைத் திறந்து விடுங்க மேடம், சரியாயிடும்" என்கிறார். அவர் அனுப்பிய பையன்தான் அங்கே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான். எனக்கு இன்றும் ஆறாதது அதுதான்.

குளோரின் காற்றைவிடக் கனம், கீழே தங்கும். மறுநாள் பார்த்தால் கீழ்த்தட்டு முள்ளங்கி இலைகள் ஓரமெல்லாம் வெளுத்துக் கிடந்தன. தண்டின் ரோஸ் நிறம் மட்டும் அப்படியே இருந்தது. மேல்தட்டு பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பெயர் தெரியாத மருந்து பட்டதை யாருக்குக் கொடுப்பது? மொத்தத்தையும் மூட்டை கட்டினேன். பூச்சியோ அடுத்த வாரமே திரும்பிவிட்டது. மேலே அடித்த மருந்து உள்ளே இருக்கும் புழுவை எங்கே தொடும்?

பிறகு அதை அடக்கியது செலவில்லாத வேலைதான். பழைய நார்த்தூளை வெளியேற்றினேன், தண்ணீரை ட்ரேயின் அடிப்பக்கமாக மட்டும் கொடுத்தேன், மஞ்சள் ஒட்டும் அட்டை தொங்கவிட்டேன், ஃபேனை ஓடவிட்டு மேல்பரப்பைக் காய வைத்தேன். தரைக்கு சோப்புத் தண்ணீர். பிளீச்சிங் போடுவதென்றால் அது மட்டும் தனியாக; ஆசிட், வினிகர், அம்மோனியா எதுவும் பக்கத்தில் வரக் கூடாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், "நீங்க வியாபாரத்துக்குக் கூப்பிட்டீங்க, கன்ஸ்யூமர் கேஸ் நிக்காது" என்று மிரட்டல் வேறு. 2019 நுகர்வோர் சட்டத்தில் ஒரு விளக்கம் இருக்கிறது: சுயதொழிலாகப் பிழைப்புக்காகப் பொருள் வாங்கிப் பயன்படுத்துகிறவர் நுகர்வோர்தான். சேவையைப் பற்றி அந்த வரி நேராகச் சொல்லவில்லை, ஆனாலும் நான் விடவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் பதிந்தேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. வேளாண்மைத் துறைக்கும் கேனின் போட்டோவோடு எழுதியிருக்கிறேன். அவர்கள் மறந்துவிட்டுப் போன கேன் என்னிடம்தான் இருக்கிறது, அடியில் மிச்ச மருந்தோடு.