சிம் மாற்றும் முன்: ஜியோ, ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் – நீண்டநாள் பயன்பாட்டில் தெரிவது என்ன?

எந்த சிம் நல்லது என்ற கேள்விக்குத் தமிழ்நாடு முழுமைக்கும் பொருந்தும் பதில் கிடையாது. தெருவுக்குத் தெரு, சில வீடுகளில் அறைக்கு அறை அது மாறுகிறது. நாடு முழுவதும் சேவை தருபவை ஜியோ, ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா), அரசின் பிஎஸ்என்எல் என நான்கே நிறுவனங்கள். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் மூன்றும் அடுத்தடுத்துக் கட்டணத்தை உயர்த்தின. அதன் பிறகு அவற்றின் பேக்குகளுக்கு இடையே பெரிய விலை வித்தியாசம் இல்லை. எனவே விலைப்பட்டியலை வரிவரியாக ஒப்பிடும் நேரத்தில் பாதியையாவது, உங்கள் வீட்டுக்குள் எந்த அலைவரிசை வந்து சேர்கிறது என்று பார்க்க ஒதுக்குங்கள். போர்ட் செய்துவிட்டு, அதாவது எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றிவிட்டு, வருந்துகிறவர்களில் பெரும்பாலோர் இதைப் பார்க்காதவர்கள்தான்.

700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் தூரம் போகும், கான்கிரீட் சுவரையும் ஓரளவு துளைக்கும். ஆனால் அவற்றில் ஒரு நிறுவனத்துக்குக் கிடைத்திருக்கும் இடம் குறுகியது என்பதால் வேகம் குறைவு. 2300, 2500, 3500 பக்கம் இடம் தாராளம், வேகமும் தாராளம். ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் அலை தேய்ந்துவிடும். பொதுவாக 4ஜிக்கு ஜியோ 850, 1800, 2300 அலைவரிசைகளையும், ஏர்டெல் 900, 1800, 2100, 2300 ஆகியவற்றையும், வி 900, 1800, 2100, 2500 ஆகியவற்றையும், பிஎஸ்என்எல் 700, 2100 இரண்டையும் பயன்படுத்துகின்றன. தொலைத்தொடர்புக்காக நாடு 22 வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எந்த நிறுவனம் எதை எவ்வளவு வைத்திருக்கிறது என்பது வட்டத்துக்கு வட்டம் மாறும். வராண்டாவில் தடையில்லாமல் ஓடும் வீடியோ சமையலறைக்குப் போனதும் சுற்றிக்கொண்டே நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்: வெளியே 2300இல் இருந்த போன், உள்ளே வந்ததும் 850க்கோ 900க்கோ இறங்கியிருக்கும்.

5ஜி என்ற எழுத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள்

ஜியோவின் 5ஜி தனித்து இயங்குவது. 4ஜியின் துணை அதற்குத் தேவையில்லை. ஏர்டெல் தன் 5ஜியை 4ஜியின் முதுகில் ஏற்றித் தொடங்கியது; அந்த வகை 5ஜி, இரண்டும் சேர்ந்து கிடைக்கும் இடத்தில்தான் வேலை செய்யும். இரண்டு நிறுவனங்களும் 2022 அக்டோபரில் 5ஜியைத் தொடங்கின. வி 2025 மார்ச்சில்தான் மும்பையில் தொடங்கி, நகரம் நகரமாக விரிந்துவருகிறது. உங்கள் ஊர் அதில் இருக்கிறதா என்று பார்க்காமல் 5ஜிக்காக வி பக்கம் போக வேண்டாம்.

ஜியோவில் 3500இல் கிடைக்கும் 5ஜியும் 700இல் கிடைக்கும் 5ஜியும் போன் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். முதலாவதில் 100 மெகாஹெர்ட்ஸ் அகலம் இருக்கிறது, இரண்டாவதில் 10தான். வீட்டுக்குள் 5ஜி என்று காட்டியும் நெட் மந்தமாக இருந்தால், அமைப்புகளில் நெட்வொர்க் வகையை 4ஜிக்கு மாற்றிப் பாருங்கள். பல இடங்களில் வேகம் உடனே கூடும். பழைய 5ஜி போன்கள் சிலவற்றில் தனித்து இயங்கும் வகைக்கான ஆதரவு இருக்காது. அவற்றில் ஜியோ 5ஜி வரவே வராது. சிம்மைக் குறை சொல்லும் முன் போன் மாடலின் விவரக்குறிப்பில் அலைவரிசைப் பட்டியலைப் பாருங்கள்.

அளவில்லாத 5ஜி என்ற விளம்பரத்துக்கும் நிபந்தனை உண்டு. 2024 ஜூலைக்குப் பிறகு ஜியோவிலும் ஏர்டெல்லிலும் பொதுவாக நாளுக்கு 2 ஜிபியும் அதற்கு மேலும் தரும் பேக்குகளில்தான் அது கிடைக்கிறது. 1.5 ஜிபி பேக் போட்டுவிட்டு 5ஜியில் படம் பார்த்தால் காலை பத்து மணிக்கே அன்றைய டேட்டா தீர்ந்து, நள்ளிரவு வரை 64 கேபிபிஎஸ் வேகத்தில் தள்ள வேண்டியதுதான். அந்த வேகத்தில் வாட்ஸ்அப் எழுத்துச் செய்தி போகும், படம் போகாது.

பேச்சு முக்கியம் என்றால்

வீட்டில் பெரியவர்கள் பட்டன் போன் வைத்திருந்தால் முதலில் அந்த போனைப் பாருங்கள். ஜியோவில் 2ஜி, 3ஜி இரண்டும் கிடையாது. வோல்ட்டி, அதாவது 4ஜி வழியாகவே பேசும் வசதி, இல்லாத போனில் ஜியோ சிம் பேசப் பயன்படாது. ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் மூன்றிலும் 2ஜி இன்னும் ஓடுகிறது. சாதாரண பட்டன் போனுக்கு இந்த மூன்றில் ஒன்றுதான் வழி. வெளிநாட்டிலிருந்து வந்த சில போன்களில் நம் ஊர் நிறுவனத்தின் வோல்ட்டி திறந்திருக்காது. அழைப்பு வந்ததும் போன் 2ஜிக்கு இறங்கும், பேசி முடிக்கும்வரை நெட் நிற்கும். இது டவரின் குறை இல்லை.

கான்கிரீட் வீட்டில் சிக்னல் வராதவர்களுக்கு வைஃபை வழியாகப் பேசும் வசதி பெரிய வரம். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைக் கொண்டுவந்தன. வீட்டில் பிராட்பேண்ட் இருந்து, போனும் இதற்கு ஒத்துழைத்தால், உள்ளறை சிக்னல் என்ற பிரச்சினை பேச்சைப் பொறுத்தவரை தீர்ந்தது. ஒரு குறை உண்டு: பேசிக்கொண்டே வாசலைத் தாண்டும்போது, வைஃபையிலிருந்து டவருக்கு மாறும் இடத்தில் சில போன்களில் அழைப்பு அறுந்துவிடும்.

சோதித்துப் பார்க்கும் முறை

வரைபடத்தில் தொடங்கலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி ஒவ்வொரு நிறுவனமும் தன் சேவைப் பரப்பை 2ஜி, 4ஜி, 5ஜி எனப் பிரித்து இணையதளத்தில் வரைபடமாக வெளியிட வேண்டும். அதில் உங்கள் தெரு வெள்ளையாக இருந்தால் அந்த நிறுவனத்தை அப்போதே தள்ளிவிடலாம். நிறம் இருந்தால் மட்டும் போதும் என்று நினைக்க வேண்டாம், அந்த நிறம் வெளிப்புறத்துக்கானது.

அடுத்து, மிஞ்சிய நிறுவனங்களில் இரண்டைத் தேர்ந்து, புது ப்ரீபெய்டு சிம் வாங்கி, 28 நாள் பேக் போட்டு, இரண்டாம் சிம்மாக வைத்துப் பாருங்கள். சில நூறு ரூபாய் செலவாகும். தவறாக போர்ட் செய்துவிட்டு, மறுபடி போர்ட் செய்ய முடியாமல் 90 நாள் மாட்டிக்கொள்வதைவிட அது குறைவு. ஒருவர் பெயரில் ஒன்பது இணைப்புகள்வரை வைத்துக்கொள்ளலாம் என்பதால் அதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை.

சிக்னல் கோடுகளை நம்பாதீர்கள், அவை போனுக்குப் போன் மாறும். பல ஆண்ட்ராய்டு போன்களில் டயல் பக்கத்தில் *#*#4636#*#* அடித்தால் வரும் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்ற சிக்னல் வலிமையின் அளவு தெரியும். ஐபோனில் *3001#12345#* அடித்து அழைக்க வேண்டும். மைனஸ் 90க்குள் இருந்தால் நல்லது. மைனஸ் 100வரை தாராளமாகச் சமாளிக்கலாம். மைனஸ் 110ஐத் தாண்டினால் பேச்சு விட்டுவிட்டு வரும், பேட்டரியும் வேகமாகக் கரையும். போன் டவரை எட்டத் தன் முழு ஆற்றலையும் செலவிடுகிறது. படுக்கும் இடம், வேலை பார்க்கும் இடம், தினமும் போகும் வழியில் அதிக நேரம் நிற்கும் இடம் ஆகிய மூன்றிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

வேகத்தை மதியம் மட்டும் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். இரவு எட்டு முதல் பத்தரைவரைதான் உண்மையான தேர்வு. சிக்னல் அதே மைனஸ் 85இல் இருக்கும், மதியம் 50 எம்பிபிஎஸ் வந்த இடத்தில் இரவு 2 வரும். ஒரே டவரில் ஆள் அதிகம் என்று அர்த்தம். அதை உங்கள் போனில் எதை மாற்றியும் சரிசெய்ய முடியாது, அந்த இடத்தில் அந்த நிறுவனம் வேண்டாம், அவ்வளவுதான். பதிவிறக்க வேகத்தோடு பதிவேற்ற வேகத்தையும் பாருங்கள். வீடியோ அழைப்பில் உங்கள் முகம் எதிர்முனையில் உறைந்து நிற்பது பதிவேற்றம் போதாததால் இருக்கலாம். டிராய் வெளியிட்ட மைஸ்பீட் செயலி இதற்குப் போதும். 5ஜியில் ஒரு முறை வேகச் சோதனை செய்தாலே சில நூறு எம்பி போய்விடும், அன்றைய டேட்டா கணக்கில் அதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனைக் காலத்தில் ஒரு நாளாவது நீண்ட மின்வெட்டு வந்தால் நல்ல வாய்ப்பு. டவரின் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று அப்போது தெரியும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையில் மின்சாரம் போன பல பகுதிகளில் செல்போன் சேவையும் சேர்ந்து போனது. இரண்டு சிம் வைத்திருப்பவர்கள் இரண்டு வெவ்வேறு நிறுவனம் என்றால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். பல இடங்களில் இரண்டு நிறுவனங்களின் கருவிகளும் ஒரே டவரில், ஒரே மின் இணைப்பில் இருக்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் போகிறதா என்று மின்வெட்டில் கவனியுங்கள்.

விலையை நாள் கணக்கில் பாருங்கள்

28 நாள் பேக் மாதப் பேக் இல்லை. ஆண்டுக்கு 13 முறை போட வேண்டும், அதுவும் 364 நாள்தான் ஆகிறது. டிராய் உத்தரவால் ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் பேக் ஒன்றும், மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கும் பேக் ஒன்றும் வைத்திருக்க வேண்டும். அவற்றை விளம்பரத்தில் தேடிப் பயனில்லை, செயலியின் முழுப் பட்டியலில் கீழே இருக்கும்.

டேட்டா தேவையில்லாதவர்களுக்கு 2025 தொடக்கத்தில் நல்லது ஒன்று நடந்தது. பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள பேக் தரவேண்டும் என்று டிராய் சொன்ன பிறகு, ஏர்டெல் 84 நாளுக்கு 469 ரூபாய், 365 நாளுக்கு 1849 ரூபாய் என்றும், ஜியோ 84 நாளுக்கு 448 ரூபாய், 336 நாளுக்கு 1748 ரூபாய் என்றும், வி 84 நாளுக்கு 470, 365 நாளுக்கு 1849 என்றும் கொண்டுவந்தன. பார்வைக்கு 1748தான் குறைவு. நாள் கணக்கில் அது 5 ரூபாய் 20 காசு, 1849 பேக்கோ 5 ரூபாய் 7 காசு. ஆண்டு முடிய 29 நாள் மிச்சம் இருக்கும்போது முதலாவது தீர்ந்துவிடும். விலைகள் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது: தொகையை நாளால் வகுத்துப் பாருங்கள். வீட்டில் வைஃபை உள்ள பெற்றோருக்கு இந்த வகைப் பேக்கே சரி. தேவைப்படும் நாளில் தனியாக டேட்டா வவுச்சர் போட்டுக்கொள்ளலாம்.

கேட்காமலே காலர் ட்யூன் போன்ற சேவை ஏறிக் காசு பிடித்தால் 155223 என்ற கட்டணமில்லா எண்ணில் நிறுத்தலாம்.

பிஎஸ்என்எல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2024இல் மற்றவர்கள் விலையேற்றியபோது அது ஏற்றவில்லை, பலர் அங்கே போனார்கள். உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் அமைந்த அதன் 4ஜி 2025 செப்டம்பர் 27 அன்று நாடு முழுமைக்கும் முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது. தனியார் டவர் வைக்காத மலைக் கிராமங்களிலும் காட்டோரங்களிலும் இதை விட்டால் வேறு வழியில்லாத இடங்கள் உண்டு. நகரத்தில் ஒரே சிம்மாக வைக்க, மேலே சொன்ன இரவுச் சோதனையை முடித்துவிட்டு முடிவெடுங்கள். 700 அலைவரிசைக்குப் பேண்ட் 28 உள்ள போன் வேண்டும். பழைய 4ஜி போன்கள் பலவற்றில் அது இல்லை, 'டவர் பக்கத்திலேயே இருக்கிறது, 4ஜி வரவில்லை' என்ற புலம்பலில் பாதி இதனால்தான். குறைந்த செலவில் எண்ணை உயிரோடு வைத்திருக்கும் இரண்டாம் சிம் என்றால் பிஎஸ்என்எல்லுக்கு ஈடு இல்லை.

தனுஷ்கோடி போகிறவர்கள் போனில் சர்வதேச ரோமிங்கை அணைத்துவிட்டுப் போங்கள். கடலுக்கு அந்தப் பக்கத்து இலங்கை டவரைப் போன் பிடித்துக்கொள்ளும் இடம் அது.

போர்ட் செய்வது

போர்ட் என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, பத்து இலக்க எண்ணையும் சேர்த்து 1900க்கு அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு வரும். ப்ரீபெய்டு பேக்கில் குறுஞ்செய்தி இல்லாவிட்டாலும் இந்தச் செய்தியை அனுப்ப விட வேண்டும் என்று 2021 டிசம்பரிலேயே டிராய் உத்தரவிட்டுவிட்டது. குறியீட்டுக்கு ஆயுள் நான்கு நாள். அதற்குள் ஆதாரோடு புது நிறுவனத்தின் கடைக்குப் போக வேண்டும். குறியீட்டைத் தொலைபேசியில் கேட்கும் யாருக்கும் சொல்லாதீர்கள். அதை வாங்கிக்கொண்டு எண்ணையே கைப்பற்றப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஒரே வட்டத்துக்குள் மூன்று வேலை நாள், வட்டம் விட்டு வட்டம் என்றால் ஐந்து. இணைப்பு வாங்கியோ கடைசியாக போர்ட் செய்தோ 90 நாள் ஆகியிருக்க வேண்டும். போஸ்ட்பெய்டில் நிலுவை இருக்கக் கூடாது. 2024 ஜூலை 1 முதல், தொலைந்த சிம்முக்கு மாற்று வாங்கிய ஏழு நாளுக்குள் குறியீடு கிடைக்காது. பழைய பேக்கில் மிச்சம் இருக்கும் நாளும் பணமும் கூட வராது, அதனால் வேலிடிட்டி முடிய ஐந்தாறு நாள் இருக்கும்போது தொடங்குவது நல்லது. முடிந்தபின் தொடங்கினால் இடையில் ஓடிபி வராமல் வங்கி வேலை நின்றுபோகும். 2018 பிப்ரவரியில் ஏர்செல் முடங்கியபோது தமிழ்நாட்டில் இலட்சக்கணக்கானோர் குறியீட்டுச் செய்திகூடப் போகாமல் தவித்தார்கள். சேவை ஆட்டம் காண்கிறது என்று தெரிந்தால் சிக்னல் இருக்கும்போதே குறியீட்டை வாங்கிவிடுங்கள்.

பழைய சிம்மில் சிக்னல் போனதும் புது சிம்மைப் போடுங்கள். முதல் வேலையாக யுபிஐ செயலிகளைத் திறந்து எண்ணை மறுபடி சரிபாருங்கள். அவை புது சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பும் என்பதால், செய்தி வசதி உள்ள பேக்கை முன்பே போட்டிருக்க வேண்டும். கடைசியாக, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று பார்த்து, சோதனைக்கு வாங்கி இனி வேண்டாத சிம்களைத் தேவையில்லை என்று குறித்துவிடுங்கள்.