முத்திரை இல்லாத பீங்கான் சாடி: வயதைச் சொல்வது ஓவியமா, அடியா?

யாழ்ப்பாணத்து வீடுகளின் கண்ணாடி அலுமாரிகளில் இருக்கும் சீன, யப்பான் பூச்சாடிகள் சிலவற்றின் அடியில் ஓர் எழுத்தும் இராது. மலாயா உத்தியோகத்துக்குப் போனவர்கள் கொண்டுவந்தவை, சீதனத்தோடு கைமாறியவை என்று அவை பலவிதம். முத்திரை இல்லையென்றால் மிகப் பழையது என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். பொருள் செய்த நாட்டின் பெயரைப் பொறிக்கவேண்டும் என்ற 1891ஆம் ஆண்டு விதி அமெரிக்காவுக்குப் போன சரக்குக்கானது. பினாங்கிலோ கொழும்பிலோ விற்ற சாடியை அது கட்டுப்படுத்தவில்லை. ஒட்டுத்தாள் கழன்றுபோன சாடியும் இன்று முத்திரை இல்லாத சாடிதான். அதேநேரம், அரசரின் ஆண்டுப்பெயரை எழுதக்கூடாது என்று 1677இல் சீனத்தின் பீங்கான் சூளை நகரான ஜிங்தெஜென்னில் தடை வந்தது. அதனால் காங்சி என்ற அரசரின் காலத்து (1662–1722) நல்ல சாடிகள் பல வெறும் அடியோடு, அல்லது உள்ளே எழுத்தில்லாத இரட்டை நீல வளையத்தோடு வெளிவந்தன.

ஆக, எழுத்தை விட்டுவிட்டு வேறெதைப் பார்ப்பது? ஓவியமும் நிறமும், புறஊதா ரோர்ச், ஆய்வுகூடச் சோதனை, சாடியின் அடி என்று நான்கு வழிகள் உண்டு. நான் அடியின் பக்கம்.

ஓவியத்தைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். அதனால் வரும் பயன் ஒன்றே: சாடி எந்தக் காலத்துக்கு முற்பட்டதாக இருக்கமுடியாது என்பதை நிறம் சொல்லும். பொன்னிலிருந்து பெறும் இளஞ்சிவப்பு மினுக்கம் (கண்ணாடிபோன்ற பூச்சு) சீனத்தில் 1720ஐ ஒட்டித்தான் புழக்கத்துக்கு வந்தது. அந்த நிறம் உள்ள சாடியை, 1644இல் முடிந்த மிங் காலத்தது என்று சொல்ல முடியாது. நீல ஓவியத்தின் கோடுகள் அச்சுவெட்டுத் தாளால் வைத்ததுபோல் துண்டுதுண்டாக நின்றால், அல்லது நெருக்கமான அச்சுப் புள்ளிகளாகத் தெரிந்தால், பெரும்பாலும் அது 1870களுக்குப் பிந்திய மெய்ஜி கால யப்பான் வேலை. இதற்குமேல் ஓவியத்தை நம்பக்கூடாது. காங்சி காலக் கோலங்களை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சீனர்களே திரும்ப வரைந்தார்கள், இன்றும் வரைகிறார்கள்.

புறஊதா ரோர்ச் வயது சொல்லாது. 365 நனோமீற்றர் ஒளியை இருட்டறையில் பிடித்தால், ஒட்டிய பசையும் பூசி மறைத்த உடைவும் வேறு நிறத்தில் ஒளிரும். அந்த ஒரு வேலைக்கு அதை வைத்திருக்கலாம்.

ஆய்வுகூடத்தில் செய்யும் வெப்ப ஒளிர்வுச் சோதனை கடைசியாகச் சூளையில் சுட்ட காலத்தைக் கணிக்கும். ஆனால் பீங்கானில் அதைச் செய்ய அடியில் துளையிட்டு மாதிரி எடுக்கவேண்டும். விடையும் ஏற்ற இறக்கத்தோடுதான் வரும். 1890ஆ 1930ஆ என்பதுதான் நமது வீட்டுச் சாடிகளின் கேள்வி, அதற்கு இந்தச் சோதனை உதவாது. தொல்பொருளாக இருக்கக்கூடியதைச் சோதனைக்காக நாட்டுக்கு வெளியே அனுப்பத் தொல்பொருளியல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும்.

இனி அடி. மேசையில் தடித்த துவாயை நாலாக மடித்து விரித்து, சாடியைக் கழுத்தில் பிடிக்காமல் வயிற்றில் இரு கையாலும் ஏந்திப் படுக்க வையுங்கள். சாதாரண ரோர்ச் ஒளியை நேரே அடிக்காமல் பக்கவாட்டில் சரித்துப் பிடியுங்கள். 10 மடங்கு உருப்பெருக்குக் கண்ணாடி போதும்.

சாடி நிற்கும் விளிம்பான, மினுக்கம் படாத அடிவளையத்தில் ஒரு துளி தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சினால் அது பீங்கானே அல்ல. வெண்ணெய் நிறமும் நுண்வெடிப்புமுள்ள யப்பானின் சற்சுமா சாடிகள் இப்படித்தான் பிடிபடும். துளி அப்படியே நின்றால் மேலே போகலாம்.

மினுக்கம் முடிந்து வெறும் களி தொடங்கும் எல்லையைப் பாருங்கள். ஜிங்தெஜென்னின் பழைய சாடிகளில் அங்கே மெல்லிய செம்மஞ்சள் கோடு ஒன்று ஓடும். களியிலுள்ள இரும்பு, சூளை ஆறும்போது காற்றுப் பட்டுச் சிவந்த அடையாளம் அது. ஓரிடத்தில் அகன்று, ஓரிடத்தில் மறைந்து, ஒழுங்கில்லாமல் இருக்கும். ஒரே அகலத்தில் சுற்றிவர ஓடினால் தூரிகையால் பூசியிருக்கிறார்கள். சுத்திகரித்த களியில் செய்து வாயுச் சூளையில் சுட்ட இக்காலச் சாடிகளில் அடி பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கும். நமது ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிவப்புச் சீமெந்துத் தரைக்குப் பூசும் பொலிஷ், தரையில் நின்ற சாடியின் அடிவளையத்தில் ஊறி இதே நிறத்தைக் கொடுக்கும். பஞ்சில் மண்ணெண்ணெய் தொட்டு ஒரு சிறு இடத்தில் மட்டும் துடைத்துப் பாருங்கள். பொலிஷ் பஞ்சில் வரும், சூளைச் சிவப்பு வராது.

அடுத்தது தேய்வு. உண்மையான தேய்வு, அலுமாரித் தட்டில் தொடும் மேடுகளில் மட்டும் இருக்கும். கீறல்கள் எல்லாத் திசையிலும் போகும். அழுக்கு நுண்துளைக்குள் கிடக்கும். தேயிலைச் சாயமோ பொற்றாசியம் பரமங்கனேற்றோ ஊற்றிப் பழசாக்கிய அடியில், தரையைத் தொடாத உட்குழிவும் அதே கபில நிறத்தில் இருக்கும். சாடியின் உள்ளே படிந்த வெள்ளைச் சுண்ணாம்பை வயதுக்குச் சான்றாக எடுக்கவேண்டாம். பூவுக்கு யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் சில வருடங்களிலேயே அது படிந்துவிடும்.

எந்த ஊர் என்பதையும் அடியே சொல்லும். வளையத்தில் கரட்டு மணல் ஒட்டியிருந்தால் தென்சீனத்து ஜாங்ஜோ பக்கச் சூளைகளை நினைக்கலாம். வளையத்துக்கு உள்ளே, மினுக்கத்தின்மேல், சூளையில் முட்டுக்கொடுத்த சிறு புள்ளித் தழும்புகள் இருந்தால் யப்பானின் அரீத்தா. இது சாடியைவிட அகன்ற தட்டங்களில்தான் கூடுதலாகத் தெரியும். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் அரீத்தாப் பீங்கானையும் விற்றவர்கள் என்பதால் அதை எடுத்த எடுப்பில் தள்ளிவிட வேண்டாம். அடிமுழுக்கக் கபிலப் பூச்சு இருந்தால் பழைய வியட்நாம் வேலையாக இருக்கலாம்.

அடியோடு சேர்த்துச் சாடியின் உட்பக்கத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். பழைய பெரிய சீனச் சாடிகளைத் துண்டுதுண்டாக வனைந்து பொருத்தினார்கள். வயிற்றின் நடுவில் கிடையாக ஒரு மேடு தட்டுப்படும். வெளிவடிவத்தை உட்புறமும் அச்சொட்டாகப் பின்பற்றி, பொருத்து எதுவும் இல்லாமல் வழுவழுப்பாக இருந்தால் குழம்புக்களியை அச்சில் ஊற்றி எடுத்தது. அது அநேகமாக 20ஆம் நூற்றாண்டு.

அடியும் ஏமாற்றும். உடைந்த பழைய சாடியின் அடியை எடுத்துப் புதிய உடலில் பொருத்துவோர் உண்டு. அடிக்கு மேலே நாலு விரல் அகலத்துக்குப் புறஊதா ஒளியில் பார்த்தால் அந்தப் பொருத்துப் பெரும்பாலும் ஒளிரும். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்து அல்லைப்பிட்டியில் கிடைத்த, சீனத்துச் சொங் அரசவம்சக் காலத் துண்டுகள் போன்ற மிகப் பழையவற்றுக்கும் மேலே சொன்ன அடையாளங்கள் பொருந்தா. அவற்றைத் தனியாகக் கற்கவேண்டும்.

மேசை விளக்காக்குவதற்கு அடியில் ஓட்டை போட்ட சாடிக்கு விலை குறைவு. ஆனால் அந்த ஓட்டையின் சுவரில் களியின் உள்நிறம் மினுக்கமோ அழுக்கோ இல்லாமல் தெரியும், யாரும் சாயம் பூசியிருக்கமாட்டார்கள். விளக்கின் பித்தளைக் குழாயைக் கழற்றிவிட்டு முதலில் அங்கே பாருங்கள்.